மினுக்கிய டார்ச்

சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறிய எல்.இ.டி. டார்ச் குறைந்த வெளிச்சத்தில் ஒழுங்காக எரியும். முழு வெளிச்சத்துக்கு மாற்றினால் மினுக்கும். முதலில் அதிலுள்ள 18650 ரக லித்தியம் அயான் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தேன். 4.1 வோல்ட், அதில் குறையில்லை.

பின்மூடியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (−) முனையையும் குழாயின் பூச்சில்லாத விளிம்பையும் துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். விளக்கு சீராக எரிந்தது. ஆக, கோளாறு மூடியில்தான்.

இவ்வகை டார்ச்சுகளில் அலுமினியக் குழாயே மின்கம்பியின் வேலையைச் செய்கிறது. பேட்டரியிலிருந்து மூடியிலுள்ள ஸ்பிரிங், சுவிட்ச், அதைப் பிடித்திருக்கும் பித்தளை வளையம், பிறகு குழாய் விளிம்பு என்று மின்சாரம் சுற்றி வரவேண்டும். இதில் எங்கே அழுக்குப் படிந்தாலும் அதிக மின்னோட்டத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் விளிம்பைத் துடைத்தேன். பஞ்சு மைபோலக் கறுத்தது. இருந்தும் மினுக்கல் முழுதாக நிற்கவில்லை. பித்தளை வளையம் தளர்ந்திருந்தது. அதிலுள்ள இரு துளைகளில் கூர்முனை இடுக்கியை நுழைத்து வலப்புறம் திருகினேன். கால் சுற்றுக்கூட இருக்காது, இறுகிவிட்டது.

நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் துளி தடவினேன். வாசலின் வேண்டாம், சிலவகை ரப்பரை அது உப்பவைக்கும். இப்போது முழு வெளிச்சத்தில் வைத்து உள்ளங்கையில் தட்டினாலும் ஒளி அசைவதில்லை.