கால்நடைகளில் வைரஸ் பரவும் காலத்தில் பாலைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

கறவை மாடுகளுக்கு வைரஸ் நோய் பரவுவதாகச் செய்தி வந்தால், குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்ற கவலை எழுவது இயல்பே. பாஸ்டுரைஸ் செய்யப்பட்ட பால் என்றால் கொடுக்கலாம். ஆகவே முதல் வேலையாக, உறையின் மீது அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடிகளோ, 63 டிகிரியில் 30 நிமிடங்களோ சூடாக்கி உடனே குளிர்விப்பதே பாஸ்டுரைசேஷன். பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுற்றியுள்ள கொழுப்புறை இந்தச் சூட்டைத் தாங்காது. 2024-இல் அமெரிக்கப் பசுக்களிடம் பறவைக் காய்ச்சல் வைரஸின் எச்5என்1 வகை பரவியபோது, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் கடைகளிலிருந்து எடுத்த 297 பால்பொருள் மாதிரிகளைச் சோதித்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் காணப்பட்டன. ஆனால் அம்மாதிரிகளைக் கருவுற்ற கோழிமுட்டைகளில் செலுத்திப் பார்த்தபோது, உயிர்ப்புள்ள வைரஸ் ஒன்றுகூட வளரவில்லை. ‘பாலில் வைரஸ்’ என்ற தலைப்பைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கோமாரி நோய் வைரஸ் இதைவிடச் சற்று அதிகச் சூட்டைத் தாங்கக்கூடியது என்றாலும், அது மனிதரைத் தொற்றுவது மிக மிக அரிது.

அஞ்ச வேண்டியது காய்ச்சாத பாலைத்தான். அதே 2024-இல், நோயுற்ற பசுக்களின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் இறந்தன. குளிர்பெட்டியில் வைப்பதால் வைரஸ் அழியாது. குளிர் அதை நெடுநாள் காத்தே வைக்கும்.

கறந்த பாலை வாங்குபவர்கள் அதைத் தாங்களே காய்ச்சிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழுந்தவுடன் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், அது போதாது. அடிவரை கிளறிக்கொண்டே, பால் முழுவதும் பொங்கிவரும் வரை காய்ச்சுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சூடு எல்லா இடத்திலும் சீராகப் பரவாது என்பதால், அதை நம்ப வேண்டாம். பச்சைப் பாலை முகந்த அதே கரண்டியைக் காய்ச்சிய பாலில் இடுவது, பட்ட பாடு அனைத்தையும் வீணாக்கிவிடும்; கரண்டியையும் பாத்திரத்தையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவிய பின்பே காய்ச்சிய பாலைத் தொடுங்கள்.

பாலாடைக்கட்டி, தயிர் ஆகியவற்றை வாங்கும்போதும், அவை பாஸ்டுரைஸ் செய்த பாலில் ஆனவையா என்று பாருங்கள். கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள் ஆகியோருக்குப் பச்சைப் பாலை எக்காலத்திலும் கொடுக்காதீர்கள்.