பார்க்கின்சன் நோயில் பேச்சு தணியும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

பார்க்கின்சன் வந்தவரின் குரல் தணிந்து, ஏற்ற இறக்கமில்லாத முணுமுணுப்பாகும். "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது முதல் தவறு. மிளகுக் கசாயத்துக்கும் இது அடங்காது. உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் குரலுக்கு மூளை தரும் விசை சுருங்குகிறது. தன் சத்தத்தை அளக்கும் கணக்கும் பிசகுகிறது. தான் எப்போதும்போலப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். நமக்குச் சரியாகக் கேட்கும் சத்தம் அவருக்குக் கத்துவதுபோல இருக்கும். "நான் நல்லாத்தானுங்க பேசறேன், இவிகளுக்குத்தான் காது கேக்கல" என்று அப்புச்சி சொன்னால் வாதாடாதீர்கள். செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள்.

"மெதுவாப் பேசுங்க, வாயைத் திறங்க, தெளிவாச் சொல்லுங்க" என்று அடுக்குவது அடுத்த தவறு. "சத்தமா" என்ற ஒரே சொல் போதும். சத்தம் கூட்டினால் மூச்சும் வாயசைவும் தாமாகவே கூடும். எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற பயிற்சியின் அடிப்படையே இதுதான்: வாரம் 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 4 வாரத்தில் 16 அமர்வு. குரல் கரகரத்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள்.

வீட்டில் தினமும்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்து, "ஆ" என்று சத்தமாக, முடிந்தவரை நீளமாக. பிறகு அதையே சுருதியில் மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கி. கடைசியில் அன்றாடம் சொல்லும் 10 வாக்கியங்கள், "ஏனுங்க, காப்பி குடுங்க" என்பதுபோல. தொண்டை வலித்தால் கழுத்தை இறுக்குகிறார் என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அமர்வு முடிந்ததும் பயிற்சியை விட்டால் குரல் மறுபடி தணியும். வார்த்தைகள் விரைந்தோடினால், ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு எனத் தொடையில் விரலால் தட்டச் சொல்லுங்கள்.

பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் வேலை ஓய்ந்த நேரத்தில் பயிற்சி வேண்டாம். லெவோடோபா உடல் இறுக்கத்தைக் குறைக்குமளவு பேச்சைத் திருத்தாது. குரலுக்காக நீங்களே மாத்திரையைக் கூட்டாதீர்கள். மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பேச்சு இன்னும் குழறுவதும் உண்டு. முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டில் தறிச்சத்தத்துக்கு நடுவே பேச வைப்பது பெருங்கொடுமை. தறியையும் டிவியையும் நிறுத்தி, எதிரே உட்காருங்கள். மூச்சு தீரும்போது வாக்கியத்தின் கடைசி தேயும். "வாங்க" என்பதில் "ங்க" காணாமல் போகும், முகமும் அசையாது. வீட்டுக்கு வந்த சம்பந்தி இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். "என்ன? என்ன?" என்றும் கேட்காதீர்கள். "நாளைக்கு ஈரோடு போகோணுமா, எத்தனை மணிக்குங்க?" என்று, புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். மருத்துவரிடமும் அவரே பேசட்டும்.

தண்ணீர் குடித்ததும் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தாலோ, சாப்பிடும்போது இருமினாலோ, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ விழுங்குவதிலும் பிரச்சினை தொடங்கியிருக்கலாம். நுரையீரலுக்குள் உணவு இறங்கினால் நிமோனியா வரலாம். வாயில் சோறு இருக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். பேச்சைப் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்டே விழுங்குவதையும் பரிசோதிப்பார், உடனே காட்டுங்கள்.