வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?

மார்த்தாண்டத்துல எங்க பட்டறைக்கு வர்றவங்ககிட்ட முதல்ல கேட்கிறது, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காத்து பார்த்தீங்களான்னுதான். ஆரல்வாய்மொழியில ஓட்டிப் பார்த்து முடிவு கட்டாதீங்க. காற்றாலைகளைச் சுத்த வைக்கிற கணவாய்க் காத்து நல்ல வண்டியையே ஒதுக்கும்.

முன் டயர் ரெண்டையும் இடம் வலமா மாத்துங்க. அம்புக்குறி போட்ட டயர்னா வேண்டாம். இழுக்கிற பக்கமும் மாறினா கோளாறு டயர்லதான். மாறலைன்னா டயர் பட்டன் (ரோட்டைத் தொடுற மேடு) மேல உள்ளங்கையைக் குறுக்கால தடவுங்க. உள்ளே போகையில வழவழன்னும், வெளியே வரையில ரம்பப் பல்லாவும் குத்தினா டோ, அதாவது மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம், தப்பியிருக்கு. உள்விளிம்பு மட்டும் மொட்டையானா கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கிற கோணத்தை, சந்தேகப்படலாம். 80 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டீயரிங் உதறினா வீல் பேலன்சிங் (சக்கரத்தோட எடையைச் சுத்திலும் சமமாக்குறது) பாருங்க.

சக்கரத்தை ஸ்டீயரிங்கோடயும் சஸ்பென்ஷனோடயும் இணைக்கிற மூட்டுகளான டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட்ல ஆட்டம் இருந்தா அதை மாத்தாம அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபண்றது) பண்ண விடவே விடாதீங்க. காசும் போகும், புது டயரும் தேயும்.