பைபாஸுக்கு முன் பலூன் பம்பு: கூட நிற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கிளிநொச்சியில் இருந்து அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது எக்கோ றிப்போட்டில் ஈ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு) 25% என்றிருந்தது. சாதாரணமாக 55க்கு மேல் இருக்கும். இந்தளவு பலவீனமான இதயத்துக்குச் சிலவேளை சத்திரசிகிச்சைக்கு முன்பே பலூன் பம்பு போடுவார்கள். எல்லாருக்கும் தேவையில்லை, ஏன் போடுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தொடையிடுக்கு வழியாக ஒரு நீளப் பலூனைப் பெருநாடிக்குள் வைப்பார்கள். இதயம் ஓயும் நொடியில் ஹீலியம் வாயுவால் அது விரியும், இதயத் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும். இதயம் சுருங்கும் முன் அது சுருங்கிவிடும், இதயத்தின் பளு குறையும். பெருநாடி வால்வு மோசமாகக் கசிந்தால் இது சரிவராது. காலில் ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு எல்லாம் கையில் இருக்கட்டும்.

போட்ட பிறகு அந்தக் காலை மடக்கக் கூடாது. தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்தவும் கூடாது. அப்பா எழும்பி இருக்கத்தான் துடித்தார்.

உங்களை வார்ட்டுக்குள் விட்டால், அவரின் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். வயல் வேலையால் வெடிப்பு விழுந்த பாதத்தில் நிறம் பிடிபடாது, கைதான் சொல்லும். ஒரு கால் குளிர்ந்தாலோ விறைத்தாலோ உடனே தாதி மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். வாயுக் குழாயில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான், பலூன் கிழிந்திருக்கலாம். மெசினை மட்டும் தொடாதீர்கள்.

கழற்றிய பின் அந்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறமும் சில மணித்தியாலம் கால் நீட்டியபடியே கிடக்க வேண்டும்.