எக்ஸ்ரே படம் தெளிவாக வர: கேவி, எம்ஏஎஸ், தூரம்

எக்ஸ்ரே படம் ஒரு நிழல்தான். ஆனால் சுவரில் விழும் நிழலைப் போல விளிம்பை மட்டும் காட்டுவதில்லை. கதிர் உடலை ஊடுருவி வரும்போது எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதையும் டிடெக்டர், அதாவது உடலுக்குப் பின்னால் கதிரை வாங்கும் தட்டு, பதிவு செய்கிறது. எலும்பில் அதிகம் குறையும், அதனால் வெள்ளை. நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் அங்கே கருமை.

கதிர் பிறப்பது காற்று நீக்கிய குழாய்க்குள். சூடேறிய டங்ஸ்டன் இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள், உயர் மின்னழுத்தத்தால் வேகம் பெற்று எதிரேயுள்ள ஆனோடு என்ற உலோகத் தட்டில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் சுமார் 1 சதவீதமே எக்ஸ்ரே ஆகிறது, மீதியெல்லாம் வெப்பம். ஒரே புள்ளியில் மோதிக்கொண்டிருந்தால் உலோகம் உருகிவிடும் என்பதால் ஆனோடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. பட்டனைப் பாதி அழுத்தியபடி ஓரிரு நொடி காத்திருப்பது அது வேகமெடுப்பதற்காகத்தான். குழாயின் வாயிலில் அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். தோலிலேயே தங்கிப்போகும் வலுவற்ற கதிர்களை அது தடுக்கிறது. அவற்றால் படத்துக்குப் பயனில்லை, நோயாளிக்குக் கதிர்வீச்சு மட்டும் கூடும்.

இயக்குபவர் கையில் இருப்பவை மூன்று: கேவி (குழாயின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), எம்ஏஎஸ் (மில்லியாம்பியர் மின்னோட்டத்தை நொடியால் பெருக்கியது), குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடையிலான தூரம்.

கேவி தீர்மானிப்பது கதிரின் ஊடுருவும் வலுவை. எலும்பிலுள்ள கால்சியம் வலு குறைந்த கதிரை மிக அதிகமாக உறிஞ்சும். ஆகவே கேவி குறைவாக இருந்தால் எலும்புக்கும் தசைக்கும் இடையே வேறுபாடு பளிச்செனத் தெரியும், கூடக் கூட அது மங்கும். கைக்கு 50 முதல் 55 கேவி போதும். நெஞ்சுக்கு 110 முதல் 125 வரை வைப்பது, விலா எலும்பு பின்னிருக்கும் நுரையீரலை மறைக்காமல் இருப்பதற்காக.

எம்ஏஎஸ் தீர்மானிப்பது கதிரின் அளவை. 200 மில்லியாம்பியரில் 0.1 நொடி என்றால் 20. 400-இல் 0.05 நொடி கொடுத்தாலும் அதே 20. குழந்தை, மூச்சுத்திணறல் உள்ளவர் என அசையக்கூடியவர்களுக்கு இரண்டாவதே சரி.

தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும். 100 செ.மீ.யிலிருந்து 180-க்குப் போனால் எம்ஏஎஸ் சுமார் 3.2 மடங்கு வேண்டும். அப்படியும் நெஞ்சுப் படத்தை 180 செ.மீ.யில், நெஞ்சு டிடெக்டரில் படும்படி, கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி எடுக்கிறோம். குழாய் தொலைவிலும் இதயம் டிடெக்டருக்கு அருகிலும் இருப்பதால் அதன் நிழல் அதிகம் பெரிதாகாது.

கைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மோதிரம், வளையல் கழற்றியாக வேண்டும். உள்ளங்கை டிடெக்டரில் படிய, விரல்கள் சற்று விரிந்திருக்கட்டும். தூரம் 100 செ.மீ. நடுவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு கதிரின் மையம். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை மட்டும் ஒளிக்கட்டம் விழும்படி, கதிர் படும் பரப்பை அளவாக்கும் கொலிமேட்டரைச் சுருக்குங்கள். சிறிய ஃபோகஸ் (ஆனோடில் எலக்ட்ரான்கள் மோதும் புள்ளி), 2 அல்லது 3 எம்ஏஎஸ், இடது-வலது குறி. கருவிக்குக் கருவி எண்கள் கொஞ்சம் மாறும். முறிவு சந்தேகம் என்றால் ஒரு படத்தோடு நிறுத்தக் கூடாது. ஆழமெல்லாம் ஒரே தளத்தில் விழுந்துவிடுவதால், நேராகப் பார்க்கையில் ஒளிந்திருந்த விலகல் வேறு கோணத்தில்தான் வெளிப்படும்.

உடற்பகுதி 10 செ.மீ.க்கு மேல் தடிமனானால், உடலுக்குள் திசைமாறி வரும் சிதறல் கதிர்கள் படத்தில் சாம்பல் பூசிவிடும். முதலில் கொலிமேட்டரைச் சுருக்குங்கள், பிறகு டிடெக்டருக்கு முன்னால் கிரிட் (சிதறலைத் தடுக்கும் மெல்லிய ஈயக் கீற்றுகள் கொண்ட தட்டு) போடுங்கள். கிரிட் நல்ல கதிரையும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் எம்ஏஎஸ் கூட்ட வேண்டிவரும். குழாய் கிரிட்டின் மையத்திலிருந்து விலகினாலோ சாய்ந்தாலோ படத்தில் கதிர் குறைந்து வெளிறும்.

படம் கெட்டால் உடனே எண்ணைக் கூட்டிவிடாதீர்கள், என்ன கெட்டது என்று பாருங்கள். மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக இருந்தால் கதிர் போதவில்லை, எம்ஏஎஸ் கூட்டுங்கள். தடித்த பகுதி ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக நின்றால் ஊடுருவல் போதவில்லை, கேவி கூட்டுங்கள். கேவியை 15 சதவீதம் உயர்த்துவது எம்ஏஎஸ்ஸை இரட்டிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். விளிம்புகள் கலங்கினால் பெரும்பாலும் அசைவுதான், நேரத்தைக் குறையுங்கள்.

டிஜிட்டலில் ஒரு கண்ணி உண்டு. ஃபிலிமில் கதிர் மிஞ்சினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. இப்போது கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுவதால், தேவைக்கு இருமடங்கு கதிர் பட்ட படம் இன்னும் அழகாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் திரையில் வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணை, அதாவது டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் எண்ணைப் பார்க்காமல் நகரக் கூடாது.

நெஞ்சுப் படத்தில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால் நோயாளி திரும்பவில்லை. உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 தெரிந்தால் மூச்சு முழுதாக இழுக்கப்பட்டிருக்கிறது.