வரலாற்றுப் பாடத்துக்கு வாரத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டியவை

பாடநூலின் பக்கங்களை எண்ணி, அவற்றைக் கையிலிருக்கும் பாடவேளைகளால் வகுத்து வாரத் திட்டம் எழுதுவது நம் பள்ளிகளில் பரவலாக உள்ள தவறு. எட்டாம் வகுப்பில், தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களை எடுத்துக்கொள்வோம். மூன்று போர்களுக்கும் தலா ஒரு பாடவேளை என்று ஒதுக்கினால் திட்டம் பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் 1746இல் தொடங்கிய முதல் போர் ஐரோப்பாவில் மூண்ட சண்டையின் நீட்சி என்பதை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். இரண்டாம் போரில்தான் திணறுவார்கள். ஹைதராபாத்தில் முசாபர் ஜங்கும் நாசிர் ஜங்கும், ஆற்காட்டில் சந்தா சாகிபும் முகமது அலியும் ஆட்சிக்குப் போட்டியிட, இவர்களில் யார் பிரெஞ்சுக்காரர் பக்கம், யார் ஆங்கிலேயர் பக்கம் என்பதைப் பலகையில் இரண்டு நிரல்களாக எழுதிக் காட்டிய பிறகும் பெயர்கள் குழம்பவே செய்யும். அங்கே இரண்டு பாடவேளை தேவை. மூன்றாம் போரில், 1760இல் நடந்த வந்தவாசிச் சண்டையையும் 1763 பாரிஸ் உடன்படிக்கையையும் ஒரே வேளையில் முடித்துவிடலாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாட்காட்டியை மட்டும் நம்பித் திட்டம் போடுவது அடுத்த தவறு. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு காலையில்தான் வரும். அன்றைய திட்டம் அத்தோடு போயிற்று. ஆகவே நவம்பரில் ஒவ்வொரு வாரமும் ஒரு பாடவேளையையாவது காலியாக விட்டுவைப்பது நல்லது. நனைந்து போகும் அட்டைகளையும் மாதிரிகளையும் அந்த மாதத்தில் கேட்காமல், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வாசிப்புப் பணியைத் தரலாம்.

களப்பயணத்தைப் பாடம் முடிந்தபின் தரும் பரிசாக வைப்பதும் சரியன்று. கடலூரின் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களாக இன்று இருப்பவை சொற்பமே. பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைப் பிடித்த பிறகு, 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது அந்தக் கோட்டைதான் என்பதை அறியாத மாணவருக்கு அது வெறும் இடிந்த சுவர். முதல் போரை நடத்தி முடித்த அதே வாரத்தில், மழைக்கு முன்பாக அழைத்துச் சென்றால், இரண்டாம் போரைப் பற்றி அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒப்படைவுகளுக்குக் கடைசி நாளை மட்டும் குறித்துவிட்டு, அவற்றைத் திருத்தித் திருப்பித் தரும் நாளைக் குறிக்காமல் விடுவதுதான். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததைப் பற்றி ஓர் ஒப்படைவு தருவதாகக் கொள்வோம். நவம்பர் 1 அன்று சமர்ப்பிக்க வேண்டும் என்று ஒரே நாளைச் சொன்னால், அதற்கு முந்தைய இரவில் கைப்பேசியிலிருந்து எடுத்தெழுதிய ஒரே பத்தி பல கையெழுத்துகளில் வந்து சேரும்; பாதி அட்டைகள் பெற்றோரின் கைவண்ணமாக இருக்கும். மேலும், புதுச்சேரியில் அது விடுதலை நாள் விடுமுறை. மாறாக முதல் வாரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதி வரச் சொல்லலாம். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்து வாக்களித்தும், சட்டப்படியான இணைப்புக்கு ஏன் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது என்பது நல்ல கேள்வி. இரண்டாம் வாரத்தில் அதற்கான காலக்கோடு, மூன்றாம் வாரத்தில் ஒரு பக்க விடை. ஒவ்வொன்றும் சிறியதாக இருப்பதால் ஆசிரியருக்கும் திருத்துவது எளிது; திருப்பித் தரும் நாளையும் திட்டத்திலேயே குறித்துவிடலாம்.

சமர்ப்பிக்கும் நாளாக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பிரிவுகளின் ஏடுகள் ஆசிரியரின் சனி, ஞாயிறை விழுங்கிவிடும். ஒரு பிரிவுக்குச் செவ்வாய், மற்றதற்கு வியாழன் என வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாடக்குறிப்பேட்டைத் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்காக மட்டும் எழுதுவோர், நடக்காமல் போன பாடத்தை அதில் குறிப்பதே இல்லை. விடுபட்டவை அனைத்தும் அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றப்பட்டு, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வகுப்பில் சொல்வதெழுதல் மட்டுமே நடக்கும். விடுபட்டதில் எது கட்டாயம் வேண்டும், எதை ஒரு வரைபடப் பயிற்சியாகச் சுருக்கலாம், எதை மாணவரே படித்துக்கொள்வார் என்பதை அந்த வார இறுதியிலேயே தீர்மானித்து, ஏட்டின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.