பழைய பிரவுசர் மக்கர் செய்தால் முதலில் திகதியைப் பாருங்கள்

பழைய கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வந்தால், பிரவுசரை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். கணினியின் திகதியையும் ஆண்டையும் சரிபாருங்கள். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்ட் பற்றரி தீர்ந்து திகதி 2009க்குப் போய்விட்டால், இன்றைய சான்றிதழ் அதற்குச் செல்லாது. திருகோணமலையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி மாறுகிறதா? சிஆர்2032 பட்டன் பற்றரியை மாற்றி, திகதியை ஒருமுறை சரியாக வையுங்கள், சரியாகிவிடும்.

திகதி சரியாக இருந்தும் பிழை வந்தால் இந்த வழி உதவாது. விண்டோஸ் 7 என்றால் பயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போட்டுப் பாருங்கள். தளங்களின் சான்றிதழ்களை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ்களை அது தன்னுடனே கொண்டுவருகிறது. வங்கித் தளத்தில் மட்டும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவே வேண்டாம்.